ஒரே முகவுரையின் இரண்டு வாக்கியங்கள்

1961ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள் நியூயார்க்கில் ஓர் உடன்படிக்கை கையெழுத்துக்கு வந்தது. ‘போதை மருந்துகள் குறித்த ஒற்றை உடன்படிக்கை’ என்பது அதன் பெயர். அதற்கு முந்தைய அரை நூற்றாண்டில் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதப்பட்டுவந்த பல ஒப்பந்தங்களைத் திரட்டி ஒன்றாக்கியதால் ‘ஒற்றை’ என்ற அடைமொழி அதற்கு வாய்த்தது. இன்று 180க்கும் மேற்பட்ட நாடுகள் அதற்குக் கட்டுப்பட்டுள்ளன. அதன் முகவுரையில் இரண்டு வாக்கியங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. வலியையும் துன்பத்தையும் தணிக்க இம்மருந்துகள் இன்றியமையாதவை, அவை கிடைப்பதற்குப் போதிய ஏற்பாடு செய்யப்படவேண்டும் என்பது முதலாவதன் சாரம். இவற்றுக்கு அடிமையாதல் தனிமனிதனுக்குப் பெருந்தீமை, மனிதகுலத்துக்குச் சமூக, பொருளாதார ஆபத்து என்பது இரண்டாவதன் சாரம்.

வலி முதலில் வருகிறது, தீமை அடுத்து வருகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். ஆனால் உலக அரசுகள் இம்முகவுரையைப் பின்னிருந்து முன்னாக வாசித்தன. இரண்டாம் வாக்கியத்திலிருந்து சிறைகளும் காவற்படைகளும் நீதிமன்றங்களும் பிறந்தன. முதல் வாக்கியம் பல நாடுகளில் தாளிலேயே தங்கிவிட்டது. இது எப்படி நேர்ந்தது என்பதை அறிய, உடன்படிக்கைக்கு முந்தைய வரலாற்றுக்குள் சற்றே சென்றுவர வேண்டும்.

ஒரு செடி, மூன்று முகங்கள்

நம் சமையலறையில் குருமாவுக்கு அரைக்கும் கசகசா, அபின் செடியின் விதை. அதே செடியின் முற்றாத காயைக் கீறினால் வடியும் பால் இறுகி அபின் ஆகிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஃப்ரீட்ரிக் சேர்த்யூர்னர் என்ற ஜெர்மானிய மருந்தாளுநர் அந்த அபினிலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்தார். உணவு, போதை, மருந்து என மூன்றும் ஒரே தண்டில் நிற்கின்றன. இச்செடியைப் பற்றிச் சட்டம் இயற்றுவது ஏன் இத்தனை கடினம் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இலக்கிய வாசகர்களுக்கு தாமஸ் டி குவின்சியின் பெயர் பரிச்சயமானது. ஆங்கிலேய அபின் உண்பவனின் வாக்குமூலமாக 1821இல் அவர் எழுதியது ஐரோப்பிய இலக்கியத்தில் ஒரு புதிய வகைமைக்கே வழிவிட்டது. 1804இல் அவர் முதன்முதலாக அபினை நாடியது இன்பத்துக்காக அன்று, பல்வலிக்கும் தலைநோவுக்கும்தான். எந்த மருத்துவச் சீட்டும் இல்லாமல் லண்டன் மருந்துக் கடையொன்றில் அதை வாங்கினார். நோவு தீர்க்க வந்த மருந்து வாழ்நாள் முழுதும் விலங்காக மாறியது. முகவுரையின் இரண்டு வாக்கியங்களும் ஏற்கெனவே அவ்வாழ்க்கையில் எழுதப்பட்டிருந்தன எனலாம்.

பேரரசின் சரக்கு

டி குவின்சி வாழ்ந்த காலத்தில் கங்கைச் சமவெளியில் அபின் ஓர் அரசுத் தொழிலாக வளர்ந்திருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி பாட்னாவிலும் பனாரஸிலும் அபின் முகமைகளை நடத்தியது. உழவர்கள் முன்பணம் பெற்றுக்கொண்டு விளைவித்ததைக் கம்பெனி தான் வைத்த விலைக்கே எடுத்துக்கொண்டது. 1820இல் தோன்றிய காஜிபூர் தொழிற்சாலையிலும் பாட்னாவிலும் உருண்டைகளாக்கப்பட்ட அபின் பெட்டிகளில் அடுக்கப்பட்டுக் கல்கத்தாவில் ஏலம் விடப்பட்டது. அங்கிருந்து தனியார் வணிகர்களின் கப்பல்களில் சீனா சென்றது. சீனா தடைசெய்திருந்த சரக்கைக் கம்பெனி தன் கையால் கொண்டுசெல்லவில்லை. விற்பதோடு தன் பொறுப்பு முடிந்ததாகக் கருதிக்கொண்டது. தேயிலைக்கு ஈடாகச் சீனாவுக்குப் பாய்ந்துகொண்டிருந்த வெள்ளியை இவ்வணிகம் திசைதிருப்பியது.

1839இல் லின் ஸெஷூ என்ற சீன ஆணையர் 20,000க்கும் மேற்பட்ட அபின் பெட்டிகளைப் பறிமுதல் செய்து ஹூமென் கடற்கரையில் அழித்தார். அதற்குப் பதிலாக வந்தது போர். 1842இல் நான்ஜிங் உடன்படிக்கையால் ஹாங்காங் பிரித்தானியர் கைக்குப் போயிற்று. 1856இல் தொடங்கிய இரண்டாம் போரின் நடுவே, 1858இல், அபின் இறக்குமதி சட்டபூர்வமாக்கப்பட்டது. அபினைப் பற்றிய தொடக்ககால உடன்படிக்கைகள் அதன் வணிகத்தைக் காக்க எழுதப்பட்டவை என்பதை நினைவில் வைப்பது நல்லது.

எதிர்ப்புக் குரல்கள் இல்லாமல் இல்லை. 1881இல், இருபது வயது இளைஞராக இருந்த ரவீந்திரநாத் தாகூர் வங்க இதழான ‘பாரதி’யில் சீனாவில் நடந்த இந்த மரண வணிகத்தைக் கண்டித்துக் கட்டுரை எழுதினார். இங்கிலாந்தில் 1874இல் உருவான அபின் வணிக ஒழிப்புச் சங்கம் நாடாளுமன்றத்தை விடாமல் தட்டிக்கொண்டிருந்தது. அந்த அழுத்தத்தின் விளைவாக 1893இல் அரசு விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. 1895இல் அது தந்த அறிக்கை, இந்தியாவில் அபின் பழக்கம் பெரிய கேடெதையும் விளைவிக்கவில்லை, ஐரோப்பாவில் மதுவைப் போன்றதே அது என்ற முடிவுக்கு வந்தது. இந்திய அரசின் கருவூலத்தில் நிலவரிக்கும் உப்புவரிக்கும் பக்கத்தில் அபின் வருவாய் அமர்ந்திருந்த காலம் அது. வருவாய் பேசும்போது மருத்துவ உண்மையின் குரல் மெலிவது புதிதன்று.

ஷாங்காய் முதல் வெர்சாய் வரை

திருப்பம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1898இல் ஸ்பெயினிடமிருந்து பிலிப்பைன்ஸைக் கைப்பற்றிய அமெரிக்கா, அங்கே நடைமுறையிலிருந்த அபின் உரிமங்களையும் சேர்த்தே பெற்றது. அங்கு மறைமாவட்ட ஆயராக இருந்த சார்லஸ் ஹென்றி பிரென்ட், அண்டை நாடுகள் ஒத்துழைக்காமல் ஒரு தீவுக்கூட்டம் மட்டும் அபினைத் தடுக்க முடியாது என்று வாதிட்டார். அறவுணர்வோடு வணிகக் கணக்கும் சேர்ந்துகொண்டது. சீனச் சந்தையில் நற்பெயர் ஈட்ட அமெரிக்கா விரும்பியது. சீனாவும் 1906இல் அபினை ஒழிக்க அரசாணை பிறப்பித்திருந்தது. மறு ஆண்டில் ஏற்பட்ட இணக்கத்தின்படி, இந்திய அபின் ஏற்றுமதியை ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு குறைக்கப் பிரித்தானியா ஒப்புக்கொண்டது.

1909 பிப்ரவரியில் ஷாங்காயில் 13 நாடுகளின் அபின் ஆணையம் பிரென்ட் தலைமையில் கூடியது. அதன் தீர்மானங்கள் எவரையும் கட்டுப்படுத்தவில்லை. ஆனால் ஒரு நாட்டின் பழக்கம் பல நாடுகளின் பொறுப்பு என்ற எண்ணம் முதன்முறையாக ஒரே மேசையில் வைக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 1912 ஜனவரி 23 அன்று ஹேக் நகரில் பன்னாட்டு அபின் உடன்படிக்கை கையெழுத்தானது.

ஹேக்கில் நடந்த பேரம் சுவையானது. இந்திய அபினை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதை ஏற்காத பிரித்தானியா, ஐரோப்பிய ஆலைகளில் தயாராகும் மார்ஃபினையும் கோகைனையும் சேர்த்தாக வேண்டும் என்றது. இம்மருந்துகளின் தயாரிப்பில் முன்னணியில் இருந்த ஜெர்மனி, எல்லா நாடுகளும் ஒப்புதல் தந்தாலொழிய உடன்படிக்கை நடைமுறைக்கு வரக்கூடாது என்றது. அவரவர் சரக்கைக் காத்துக்கொள்ளும் முயற்சியில் ஒருவர் சரக்கின் பெயரை மற்றவர் சொல்லப்போய், கட்டுப்பாட்டின் எல்லை விரிந்தது. முதல் உலகப் போர் முடிந்தபின், ஹேக் உடன்படிக்கையை ஏற்பது சமாதான ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாகவே 1919இல் வெர்சாயில் எழுதப்பட்டது. தயங்கி நின்ற நாடுகளும் அதனால் உள்ளே வந்தன.

ஜெனீவாவின் கணக்கேடு

போருக்குப் பின் உருவான பன்னாட்டுச் சங்கத்தின் கைக்கு இப்பொறுப்பு மாறியது. 1925இல் ஜெனீவாவில் நடந்த மாநாட்டில், உற்பத்தியை மூலத்திலேயே வெட்டவேண்டும் என்ற தம் நிலைப்பாடு ஏற்கப்படாததால் அமெரிக்காவும் சீனாவும் வெளியேறின. எகிப்தின் வற்புறுத்தலால் கஞ்சாவும் பட்டியலில் சேர்ந்தது. நிரந்தர மத்திய அபின் வாரியம் ஒன்று பிறந்தது. ஏற்றுமதி, இறக்குமதி ஒவ்வொன்றுக்கும் சான்றிதழ் கட்டாயமானது.

1931இல் எழுதப்பட்ட அடுத்த உடன்படிக்கையைப் பெரும்பாலோர் மறந்துவிட்டனர். ஆனால் நம் கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு நாடும் அடுத்த ஆண்டு மருத்துவத்துக்கும் ஆய்வுக்கும் எவ்வளவு மருந்து தேவைப்படும் என்று மதிப்பீடு அனுப்பவேண்டும். உலக உற்பத்தி அம்மதிப்பீடுகளின் கூட்டுத்தொகையைத் தாண்டக்கூடாது. எளிமையான, அறிவார்ந்த ஏற்பாடு இது. நோயாளிக்கு வேண்டியது கிடைக்கும், கள்ளச் சந்தைக்கு மிச்சம் இராது. ஆனால் இந்த ஏற்பாடு ஒன்றை முன்னதாகவே நம்பிக்கொண்டது: ஒவ்வோர் அரசும் தன் மக்களின் வலியை நேர்மையாக எண்ணிப் பார்க்கும் என்பதே அது. கேட்காத நாட்டுக்குக் கிடைக்காது. ஏன் கேட்கவில்லை என்று வற்புறுத்த எவருக்கும் அதிகாரமில்லை.

ஒற்றை உடன்படிக்கை

இந்தக் கணக்கேடு 1961இன் உடன்படிக்கைக்குள் அப்படியே இடம்பெயர்ந்தது. அதை மேற்பார்க்கும் 13 உறுப்பினர் கொண்ட பன்னாட்டுப் போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியம் 1968இல் பணியைத் தொடங்கியது. எந்தப் பொருள் எந்தப் பட்டியலில் இருக்கவேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும். 1946 முதல் ஐ.நா.வின் கீழ் இயங்கிவரும் போதைப்பொருள் ஆணையம் வாக்களித்து முடிவுசெய்யும்.

மொழி பயின்றவர்களுக்கு இவ்வுடன்படிக்கையின் சொற்களில் ஆர்வம் பிறக்கும். அபின் செடியைப் பற்றிய வரையறையில் விதைகள் விலக்கப்பட்டுள்ளன; அதனால்தான் நம் கசகசா பன்னாட்டுச் சட்டத்தின்படி குற்றமற்றது, சில வளைகுடா நாடுகள் தம் சொந்தச் சட்டங்களால் அதைத் தடுத்தாலும்கூட. கஞ்சாவின் வரையறையிலோ, பூங்கதிர் சேராத இலை விலக்கு பெற்றது. வட இந்தியாவின் பாங்கு அந்த இடுக்கில் பிழைத்துக்கொண்டது. ஆனால் ஆண்டிஸ் மலைவாழ் மக்களின் கோகோ இலைக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. அதை மெல்லும் வழக்கம், உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த 1964இலிருந்து 25 ஆண்டுகளுக்குள் ஒழியவேண்டும் என்று கெடு விதிக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கத்துக்கு நாள் குறித்த இந்த எழுத்தைப் பொலிவியா ஏற்கவில்லை. 2011இல் விலகல் அறிவித்து, கோகோ இலைக்கு விலக்குக் கோரி 2013இல் மீண்டும் சேர்ந்தது. அதைத் தடுக்க மூன்றில் ஒரு பங்கு நாடுகளின் எதிர்ப்பு தேவைப்பட்டது. எதிர்த்தவை 15 மட்டுமே. உடன்படிக்கைகள் கல்வெட்டுகள் அல்ல என்பதற்கு இது ஒரு சான்று.

இன்னொரு சொல் ‘தீமை’. சித்திரவதையையும் நிறவெறியையும் தடைசெய்யும் ஐ.நா. உடன்படிக்கைகள்கூடத் தாம் தடுக்கும் செயலை இச்சொல்லால் சுட்டவில்லை என்று பன்னாட்டுச் சட்ட ஆய்வாளர்கள் கவனப்படுத்தியிருக்கிறார்கள். அற நூல்களுக்கு உரிய சொல்லொன்று சட்ட நூலுக்குள் வரும்போது, அதைச் சூழ்ந்த மற்றச் சொற்களின் ஒளி மங்கிவிடுகிறது. 1971இன் வியன்னா உடன்படிக்கை மனநிலையை மாற்றும் செயற்கை மருந்துகளையும் 1988இன் வியன்னா உடன்படிக்கை கடத்தலையும் கையிலெடுத்தன. 1972இல் சேர்த்த திருத்தம், அடிமையானவருக்குத் தண்டனைக்குப் பதிலாகச் சிகிச்சையும் மறுவாழ்வும் தரலாம் என்று ஒரு சாளரத்தைத் திறந்தது. எனினும் 1998இல் ஐ.நா. பொதுச்சபை சிறப்பு அமர்வு போதைப்பொருளற்ற உலகம் என்ற முழக்கத்தோடுதான் கூடியது.

கேட்கப்படாத மருந்து

இந்தியாவில் இதன் விளைவு துல்லியமாகத் தெரிந்தது. 1985 நவம்பரில் நடைமுறைக்கு வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம், உடன்படிக்கைக் கடமையை நிறைவேற்றப் பிறந்தது. அதன் பெரும்பாலான குற்றங்களுக்கு அன்று குறைந்தபட்சத் தண்டனையே பத்தாண்டு கடுங்காவலாக இருந்தது. மருத்துவமனை மார்ஃபின் வாங்கவேண்டுமானால் வெவ்வேறு அலுவலகங்களின் நான்கைந்து உரிமங்கள் ஒரே நேரத்தில் செல்லுபடியாக இருக்கவேண்டும். ஒன்று கைக்கு வருவதற்குள் மற்றொன்று காலாவதியாகும். கணக்கில் சிறு பிழை நேர்ந்தாலும் சிறை என்ற அச்சத்தில் மருந்துக் கடைகள் அம்மருந்தை வைப்பதையே நிறுத்தின. மார்ஃபினைத் தொடாமலே ஒரு தலைமுறை மருத்துவர்கள் படித்து வெளியேறினர். 1985க்கும் 1997க்கும் இடையே நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 97 விழுக்காடு வீழ்ந்து, 1997இல் வெறும் 18 கிலோவாக நின்றது. நூறு கோடியை நெருங்கிக்கொண்டிருந்த மக்கள்தொகைக்கு 18 கிலோ!

இதில் உறைந்துள்ள முரண் கசப்பானது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் உரிமம் பெற்ற உழவர்கள் அரசுக்காக அபின் விளைவிக்கிறார்கள். காஜிபூரும் நீமச்சும் அதைப் பதப்படுத்துகின்றன. சட்டபூர்வமாக அபின் பாலை எடுத்து ஏற்றுமதி செய்யும் ஒரே நாடு இந்தியா. உலகின் வலிக்கு மூலப்பொருள் தந்த நிலத்தில், புற்றுநோயின் கடைசி மாதங்களில் இருந்தவர்கள் மருந்தின்றித் துடித்தார்கள். சீனாவுக்குக் கப்பலேற்றிய நாட்களில் உள்ளூர் உழவனுக்கு நேர்ந்தது போலவே, இப்போது உள்ளூர் நோயாளியும் கணக்கில் வராதவன் ஆனான்.

இது இந்தியாவின் தனிக்கதையன்று. 2017இல் ‘லான்செட்’ ஆணையம் வெளியிட்ட கணக்கின்படி, உலகில் ஆண்டுதோறும் வழங்கப்பட்ட மார்ஃபின் வகை மருந்துகள் 298.5 டன்னுக்கு இணையானவை. அவற்றில் மிக ஏழை நாடுகளுக்குச் சேர்ந்தது 0.1 டன். இந்தியா தன் தேவையில் 4 விழுக்காட்டை மட்டுமே நிறைவுசெய்தது. உலகின் பற்றாக்குறை முழுவதையும் போக்க ஆண்டுக்கு 14.5 கோடி டாலர் போதும் என்றது அந்த அறிக்கை. மார்ஃபின் காப்புரிமையில்லாத, மலிவான மருந்து. 1977இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட முதல் இன்றியமையா மருந்துப் பட்டியலிலேயே அது இருந்தது. தடை பணத்தில் இல்லை.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவில் 1996இல் சந்தைக்கு வந்த ஆக்ஸிகான்டின் என்ற வலி மாத்திரை, அடிமையாக்கும் அபாயம் குறைவு என்ற பரப்புரையோடு விற்கப்பட்டது. அதைத் தயாரித்த பர்ட்யூ நிறுவனம் 2007இலும் 2020இலும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அந்த அலை பின்னர் ஹெராயினுக்கும் கள்ளச் சந்தை ஃபென்டனிலுக்கும் வழிவிட்டது. 2021இல் மட்டும் மிகையளவு போதைமருந்தால் இறந்தோர் ஒரு லட்சத்தைக் கடந்தனர். ஆகவே அச்சம் வெறும் கற்பனை அன்று. ஆனால் அமெரிக்கப் பேரழிவின் தொடக்கத்தில் இருந்தது விற்பனை வேட்கை. இந்தியாவில் இருந்ததோ நோயாளியின் நோவை எண்ணாத சட்டம். ஒன்றின் தவறு மற்றொன்றுக்கு நியாயமாகாது.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருப்பதை நமக்கு அண்டை மாநிலமே காட்டியது. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலும் தோழர்களும் தொடங்கிய வலி தணிப்பு மற்றும் ஆதரவுச் சிகிச்சைச் சங்கம், மார்ஃபின் மாத்திரைகளை நோயாளிகள் வீட்டுக்கே கொண்டுபோக வழிசெய்தது. ஈராண்டுகளில் 1,723 நோயாளிகளுக்கு அவ்வாறு கொடுத்தும், மருந்து ஒருமுறைகூடத் தவறான கைகளுக்குப் போகவில்லை என்று 2001இல் ‘லான்செட்’ இதழில் அவர்கள் பதிவுசெய்தனர். அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்கள் வழியாக அது கேரளம் முழுவதும் பரவி, 2008இல் மாநில அரசின் கொள்கையாயிற்று. அத்தகையோரின் நெடிய போராட்டத்தால் 2014இல் நடுவண் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின் உள்ளிட்ட சில மருந்துகள் ‘இன்றியமையாப் போதை மருந்துகள்’ எனப் பெயர் பெற்றன; பல உரிமங்களுக்குப் பதிலாக ஓர் அலுவலகத்தின் ஒப்புதல் போதும் என்றாயிற்று.

உலக அரங்கிலும் மொழி மெல்ல மாறுகிறது. 2016இல் கூடிய ஐ.நா. சிறப்பு அமர்வின் முடிவு ஆவணத்தில், மருத்துவத் தேவைக்கு இம்மருந்துகள் கிடைக்கச் செய்வதற்கென்றே தனிப் பகுதி ஒன்று இடம்பெற்றது. 2020 டிசம்பரில் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்கப் போதைப்பொருள் ஆணையம் 27க்கு 25 என்ற வாக்கில் முடிவெடுத்தது. ஆதரித்தவர்களில் இந்தியாவும் ஒன்று.

ஆயினும் சட்டம் திருந்துவது பாதி வேலைதான். உரிமம் எளிதானபின்னும் மருந்தை எழுதத் தெரிந்த மருத்துவர் வேண்டும், அதை வைத்திருக்கத் துணிந்த மருந்தகம் வேண்டும், நோயாளியின் வேதனையைக் கேட்டு எண்ணிக்கையாக மாற்றி ஆண்டு மதிப்பீட்டில் எழுதும் அலுவலர் வேண்டும். 1931இன் கணக்கேடு இன்னும் திறந்தே கிடக்கிறது. அதில் நம் பெயருக்கு எதிரே உள்ள கட்டத்தில் என்ன எண் எழுதப்படுகிறது என்பதை ஜெனீவாவோ வியன்னாவோ முடிவுசெய்வதில்லை. அதை நிரப்பி அனுப்புகிறவர்கள் நாம்தான்.